குடத்தில் ஒன்றுமே இல்லை

மேலேரிப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மகன் சுகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, இளவரசி மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மாடும் கன்றும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எல்லையம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உடம்பளவில் என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பாய். மனசளவில் இந்த வீட்டில் யாரும் முன்னே மாதிரி இல்லை. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பொங்கவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் அப்பா கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு இருமல் இருமுவார், நானும் "வேற இன்னா நைனா, சாப்ட்டியா" என்று முடித்துவிடுவேன். அதனால்தான் உன் ரூமில் உன்னோடு இருக்கும் ஆல்வின் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான் என்றதும், முறுக்கு, பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் நல்ல வருஷம். பிளஸ் டூ பரீட்சையில் ஒரு பிள்ளைகூட பெயில் இல்லை. ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் ஏரி மணலையும் அடுப்புக் கரியையும் வைத்துத் தண்ணீர் வடிகட்டுகிற ஒன்றைச் செய்து காஞ்சிபுரத்தில் பரிசு வாங்கி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நம் கோ-கோ டீம் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தது. திருச்சியில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். உன் தங்கச்சி இளவரசி அந்த டீமில் இருப்பது உனக்குத் தெரியும், ஆனால் அவள் ஓடுவதை நீ பார்த்ததில்லையே, கம்பத்தைப் பிடித்து ஒரு திரும்பு திரும்பினால் துரத்துகிறவள் நேரே போய்விடுவாள், இவள் இந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்குவாள். கேப்டன் யார் தெரியுமா, நம் ஆல்வினின் தங்கச்சி செவ்வந்தி. ஏசுதாஸ் மகள். அந்தப் பிள்ளை படிப்பிலும் வகுப்பில் முதல். அவள் அம்மா ஆண்டாளம்மாள் நம் கழனியில் நாற்று நடும்போதெல்லாம் மகள் பேச்சுத்தான் பேசுவாள், நான்கூட "போதும் நிறுத்துடி, நாத்து வளைஞ்சி போவுது" என்று கிண்டல் செய்வேன்.

ஜெயித்த பிள்ளைகளுக்கு ஒரு பாராட்டு விழா வைக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது ரைஸ்மில் தாண்டவராயன் எழுந்தார். பள்ளிக்கு பெஞ்சு, ஃபேன் எல்லாம் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவது வழக்கம். இந்த வருஷம் பள்ளித் தலைவியை டீச்சர்கள் பார்த்து வைக்க வேண்டாம், நம் உத்திரமேரூர் கல்வெட்டில் இருக்கிறபடி குடவோலை முறையில் எடுக்கலாம், அதையும் பாராட்டு விழா மேடையிலேயே அதிகாரிகள் முன்னால் செய்யலாம், டிவியில்கூட வரும் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட அந்தக் கல்வெட்டைத்தானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பேரை எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றைக் கைவிட்டு எடுக்கச் சொல்வது, எவ்வளவு அழகு என்று நானும் நினைத்தேன். அப்புறம் சரித்திர வாத்தியார் வெங்கடேசன் சார், கல்வெட்டில் யார் யார் பேரைக் குடத்தில் போடலாம் என்று இருக்கிற சட்டத்தைப் படித்தார். வரி கட்டுகிற சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், இத்தனை வயசாகியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம். படித்துவிட்டு, இது அந்தக் காலத்துக்கு, நாம் இதையெல்லாம் விட்டுவிடலாம் என்றும் சொன்னார் பாவம். தாண்டவராயன் விடவில்லை. "அல்லாத்தையும் வுட்டுட்டா அப்பறம் அதுல குடவோலைன்னு இன்னா கீது சார்? சீட்டு குலுக்கிப் போடறதுக்கா அதிகாரியக் கூப்புடறோம்?" என்று கேட்டார். கடைசியில் வயசும் வேதமும் வேண்டாம், நிலமும் வீடும் இருக்கட்டும், பிள்ளைகள்தானே, அப்பா பேரில் பட்டா இருந்தால் போதும் என்று முடிவானது. தலைமையாசிரியை புவனேஸ்வரி டீச்சர் மட்டும் "யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று ஒரு தடவை எல்லோர் முகத்தையும் பார்த்தார். யோசித்ததாகத்தான் எல்லோரும் தலையை ஆட்டினோம். நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான், நம் இளவரசி பேர் குடத்துக்குள் போகும், எல்லையம்மன் புண்ணியத்தில் வெளியேயும் வரும் என்பது. ஏசுதாஸ் வீடு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது, எத்தனை மனு போட்டும் பட்டா வரவில்லை, அதனால் கேப்டனாக இருக்கிற பிள்ளை பேரையே குடத்தில் போட முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

விழா அன்றைக்கு நான் உன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன், திட்டாதே, உன் கல்யாணத்துக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம். பள்ளி வாசலில் பேனர். கப்பு வாங்கிய பிள்ளைகளெல்லாம் கடுகளவு, தாண்டவராயன் கதவளவு. மேடையில் மஞ்சள் பூசிக் கோலம் போட்ட மண்குடம், கழுத்தில் சாமந்தி மாலை. அப்பா ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார், இப்போதே தலைவிக்கு அப்பா ஆகிவிட்ட மாதிரி ஒரு உட்காரல். பட்டா வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, பேர் எழுதிய துண்டுச் சீட்டைச் சபைக்குக் காட்டி, சுருட்டி, குடத்துக்குள் கையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றார்கள். நம் இளவரசியும் வந்தாள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். செவ்வந்தி மேடைக்குக் கீழே மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் வீடியோவில் இருக்கிறது. பிறகு ஆறாவது படிக்கிற தேன்மொழி என்கிற ஒரு குட்டிப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அது நுனிக்காலில் நின்று, தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவியது. துழாவிக்கொண்டே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். அது புவனேஸ்வரி டீச்சரைத் திரும்பிப் பார்த்து, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல், "டீச்சர், இதுல ஒண்ணுமே இல்ல" என்றது.

வெங்கடேசன் சார் ஓடிவந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சாமந்தி இதழ் விழுந்தது, அவ்வளவுதான். நம் கண் முன்னால் எல்லாப் பிள்ளைகளும் கைவிட்ட குடம் அது. பில்லி சூனியம் என்றுகூட எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். தாண்டவராயன் "எவ எடுத்தா? எவ எடுத்தா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அப்போது வரிசையிலிருந்து நம் இளவரசி ஒரு அடி முன்னால் வந்து, மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் அந்தத் துண்டு வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் கையைத் திறந்தாள். அப்புறம் அடுத்தவள். எல்லோரும் கையைக் குடத்துக்குள் விட்டிருக்கிறார்கள், ஒருத்தியும் துண்டைப் போடவில்லை. வீடியோவில் இந்த இடத்தில் தரையும் என் செருப்பும்தான் தெரியும். "அடிப்பாவி" என்று கேட்கிற குரல் என்னுடையதுதான்.

வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர், கோபப்படாமல், உன் அப்பாவுக்குத்தான் நிலம் இருக்கிறதே, நீ ஏன் பேரைப் போடவில்லை என்று கேட்டார். அந்தப் பெண், நான் பெற்ற பெண், வீட்டில் ஒரு டம்ளர் கழுவச் சொன்னால் காது கேட்காத மாதிரி போகிற பெண், மைக் முன்னால் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நெலம் அப்பா பேர்ல கீது சார். தை மாசம் எங்க அண்ணன் பேர்ல எய்தி வெக்கப் போறாங்க. எம்பேர்ல ஒரு சென்ட்டுகூட இல்ல. இங்க நிக்கற பொண்ணுங்க ஒருத்திக்கும் இல்ல. சொந்த நெலம் இருந்தாத்தான் பேரு போடணும்னா நாங்க யாரும் போடக் கூடாது. இல்ல, போடலாம்னா அல்லாரும் போடணும், செவ்வந்தியும் போடணும்" என்றாள். அதோடு விட்டாளா, இல்லை. "எங்க அம்மாவுக்கே ஒண்ணும் இல்ல சார்" என்று என்னை வேறு கை காட்டினாள். அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது. மாம்பழ நிறப் பட்டோடு நான் எங்கே போய் ஒளிவேன், சொல்லு. ஆனால் ஒன்று கவனித்தேன். தாண்டவராயன் வீட்டு அம்மா, கை நிறைய வளையல் போட்டிருப்பார்களே, அவர்கள் குனிந்து வளையலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் யாரோ ஒருத்தி மட்டும் கை தட்டினாள், பிறகு பயந்து நிறுத்திவிட்டாள். அது ஆண்டாளம்மாள் இல்லை, நான் பார்த்தேன், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், வெங்கடேசன் சார் மறுநாள் வந்து மாற்றிக்கொண்டு போனார்.

வீட்டில் நடந்ததை நீயே நினைத்துக்கொள். அப்பா அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். "மைக்ல வூட்டு விசயத்த பேசறதுக்கா இவள படிக்க வெச்சேன்? இத்தோட அல்லாத்தயும் நிறுத்து, திருச்சியும் வோணாம் ஒண்ணும் வோணாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போய்ப் படுத்துவிட்டார். திருச்சிக்குப் போகப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள், அதைப் போட மாட்டேன் என்றுவிட்டார். இவள் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை, தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. ஏண்டி, உங்க அண்ணன் மேல உனக்குப் பொறாமையா என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "அண்ணன் மேல எனக்கு இன்னாம்மா கோவம், அது அங்க வெயில்ல வேல செஞ்சிக்கினு கீது. நான் சட்டத்தைத்தான் கேட்டேன்" என்றாள். யார் செய்த யோசனை, செவ்வந்தி சொல்லிக் கொடுத்தாளா என்றும் கேட்டேன். இல்லையாம். செவ்வந்தி வேண்டாம் என்றுதான் சொன்னாளாம், "என்னால உங்களுக்குப் பேஜாராயிடும், நான் கேப்டனாவே இருந்துக்கறேன்" என்றாளாம். யோசனை முழுக்க முழுக்க இவளுடையது. விடியற்காலையில் ஏரிக்கரையில் கோ-கோ பழகிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பட்டா இருக்கிற வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கேட்டிருக்கிறாள், உன் பேரில் நிலம் இருக்கிறதா என்று. கேட்கக் கேட்க அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம், ஏனென்றால் ஒருத்திக்கும் இல்லை, ஒருத்திக்கும் அது இதற்கு முன்னால் தோன்றவும் இல்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன.

தாண்டவராயன் சும்மா இருப்பாரா. டீச்சரை மாற்றிவிடுவேன், கொடுத்த ஃபேனைக் கழற்றிக்கொண்டு போவேன் என்றெல்லாம் டீக்கடையில் பேசியிருக்கிறார். ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, கரண்ட் இருந்தால். புவனேஸ்வரி டீச்சர் அடுத்த திங்கட்கிழமை காலை பிரேயரில் அதே குடத்தைக் கொண்டுவந்து வைத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற எல்லோருடைய பேரும் உள்ளே போகும், சட்டம் ஒன்றும் கிடையாது என்றுவிட்டார். போன தடவை இதழ் ஒன்று விழுந்த குடம் இந்தத் தடவை கழுத்து வரைக்கும் நிறைந்துவிட்டதாம். அதே தேன்மொழிதான் எடுத்தது. யார் பேர் வந்தது என்று நினைக்கிறாய்? செவ்வந்தியும் இல்லை, நம்மவளும் இல்லை. காவாந்தண்டலத்திலிருந்து வருகிற துர்கா என்று ஒரு பிள்ளை. அந்த பஸ் எப்போதும் லேட், அதனால் அவளும் எப்போதும் லேட், தினமும் கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளை. அன்றைக்கும் பஸ் லேட். அவள் கேட்டைத் தாண்டி வருகிறாள், மொத்தப் பள்ளியும் அவளைப் பார்த்துக் கை தட்டுகிறது. இன்றைக்கு என்னவோ பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டு பையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதுவிட்டாளாம். இளவரசி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. நம்மவளுக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "அதான் குடவோல, யாருக்கு வோணா வரும்" என்றாள். தலைவி ஆனதும் துர்கா டீச்சரிடம் கேட்ட முதல் வரம், பஸ் லேட்டாகி வருகிற பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைக்கக் கூடாது என்பது. டீச்சர் சரி என்றுவிட்டார்.

இது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு மேடையில் அவள் என்னைக் கை காட்டினாளே, அது என்னை விடவே இல்லை. சும்மா ஒரு நாள் மத்தியானம் யோசித்துப் பார்த்தேன். கழனி அப்பா பேரில். வீடு அப்பா பேரில். மோட்டார் கனெக்‌ஷன் அப்பா பேரில். மாடு நான் வளர்த்தது, பால் சொசைட்டியில் அப்பா பேரில். அம்மா வீட்டில் எனக்கு வந்திருக்க வேண்டியதை உன் மாமன் கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்துவிட்டேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், அதைக் குறை சொல்லவில்லை. என் பேரில் என்னதான் இருக்கிறது என்று தேடினால் ஒன்றே ஒன்று இருக்கிறது, கேஸ் சிலிண்டர். அதுவும் அன்றைக்குக் காலி. நான் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து சிரித்ததை நீ பார்த்திருந்தால் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று டிக்கெட் போட்டிருப்பாய்.

போன வியாழக்கிழமை ஆண்டாளம்மாள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகத் தோட்டத்துப் பக்கமாக வருகிறவள், அன்றைக்கு வாசல் பக்கமாக வந்து நின்றாள். அப்பா கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாக, "யம்மா, உன் பொண்ணு வரலன்னா எம்பொண்ணும் திருச்சிக்குப் போவமாட்டேன்னுது. கப்பு வாங்கன புள்ளைங்க இப்பிடி மொகத்த தொங்கப் போட்டுக்கினு கீதுங்க. நீ கையெயுத்து போட்டாலே செல்லுமாம், டீச்சரு சொல்லிச்சு" என்றாள். சுகுமார், உன்னைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து எத்தனை காகிதம் வந்திருக்கும் இந்த வீட்டுக்கு, டூர் போக, பரீட்சை எழுத, மார்க் ஷீட்டில் போட. எல்லாவற்றையும் நான் வாங்கி, தூசி தட்டி, அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து நீட்டியிருக்கிறேன். பெற்றோர் கையெழுத்து என்றுதான் போட்டிருக்கும், அதில் நானும் சேர்த்தி என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் பத்தாவது வரை படித்தவள்தானே. ஆண்டாளம்மாளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, கைநாட்டுத்தான், அவள் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே போனேன். இளவரசி பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, பேனா கொடுக்கவும் இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு வந்து அப்பாவுக்கு எதிரே டிவி மேஜை மேல் வைத்து என் பேரை எழுதினேன். என் பேரை எழுதி வெகு காலம் ஆகிவிட்டதால் கடைசி எழுத்துக் கோணலாகப் போய்விட்டது. அப்பா பேப்பரை இறக்கவில்லை, ஆனால் பக்கமும் திருப்பவில்லை. ஆண்டாளம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது, நிமிர்ந்து பார்க்காமல், "திருச்சிக்கு ரயிலா பஸ்ஸா?" என்று கேட்டார். ரயில் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மகளோடு இன்னும் பேசவில்லை. ஆனால் நேற்று உத்திரமேரூர் போய் வந்தவர் அவளுக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிவந்து செருப்பு வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். அளவு ஒன்று பெரிசு. அவள் முன்னால் பஞ்சை அடைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இளவரசி எனக்குக் கோ-கோ ஆட்டம் எப்படி என்று நேற்றுச் சொல்லிக் கொடுத்தாள். துரத்துகிற பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம், ஒருத்தி இந்தப் பக்கம் முகம், அடுத்தவள் அந்தப் பக்கம் முகம். அவர்களில் துரத்தி ஓடுகிறவள் பின்னாலிருந்து முதுகில் தட்டி கோ என்று சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பவள் எழுந்திருக்கக் கூடாதாம். தட்டிவிட்டால் எழுந்திருக்காமலும் இருக்கக் கூடாதாம். இதை அவள் வேறு எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, ஆட்டத்தைத்தான் சொன்னாள். நான்தான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நைனா, நான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். தை மாசம் நீ லீவில் வரும்போது கழனி முழுவதையும் வீட்டையும் உன் பேரில் எழுத அப்பா நாள் பார்த்து வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் உன்னிடம் போனில் கேட்பார், நீயும் வழக்கம்போல சரிப்பா என்பாய். இந்தத் தடவை சரிப்பா என்று உடனே சொல்லாதே. உன் தங்கச்சிக்கும் பங்கு வேண்டும், அவள் பேரும் பத்திரத்தில் ஏற வேண்டும் என்று நீயே உன் வாயால் சொல். நான் சொன்னால் அது பெண்டாட்டி பேச்சு, நீ சொன்னால்தான் அவருக்குப் பேச்சு, இதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. உனக்குக் குறைந்துவிடுமே என்று எனக்கு வயிறு எரியாமல் இல்லை, நீயும் என் வயிற்றில் பிறந்தவன்தான், அங்கே வெயிலில் உழைத்து நீ அனுப்பியதில்தான் மோட்டார் மாற்றினோம். அதையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என் மேல் கோபப்படு, அவள் மேல் படாதே. அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை.

ஆல்வின் இப்போதுதான் பார்சலை வாங்க வந்திருக்கிறான். வாசலிலேயே நிற்கிறேன் என்றான், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார் என்றேன், காபி குடித்துக்கொண்டிருக்கிறான். எதிர்க் கட்டிலில் அப்பா. இரண்டு பேரும் மஸ்கட்டில் வெயில் எவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கே நீங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டியில் சோறு வடித்துச் சாப்பிடுகிறீர்கள், இங்கே அந்தப் பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். நீ வந்தால் அவனை நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல். ஊறுகாயில் அவனுக்கும் பாதி, மறக்காதே. ஏசியை நேராக மேலே படும்படி வைத்துக்கொண்டு தூங்காதே, வெள்ளிக்கிழமைதானே அங்கே லீவு, அன்றைக்குத் தவறாமல் எண்ணெய் வைத்துக் குளி. வருகிற வியாழக்கிழமை திருச்சியில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் நீ தங்கச்சிக்குப் போன் செய்து நன்றாக ஆடினாய் என்று சொல்ல வேண்டும். எல்லையம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்ல இடத்தில் பெண் அமையட்டும், பெண்ணுக்குச் சொந்த நிலம் இருக்கிறதா என்று மட்டும் உன் அப்பா கேட்காமல் இருக்கட்டும்.

தை மாசம் பத்திர ஆபீசுக்கு நானும் வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போடத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. வளர்மதி

(எப்போதும் உன் அம்மா என்று மட்டும்தான் எழுதுவேன், பேரையும் எழுதிப் பார்த்தேன். இந்தத் தடவை கடைசி எழுத்துக் கோணவில்லை.)